பிஸி சொல்லத் தெரியாத கம்பி

மனிதர்களில் ஆச்சுக்காரர் என்று ஒரு ரகம் உண்டு. தேடிக்கொண்டு எங்கும் போக வேண்டியதில்லை. எந்த அறை வாசலிலாவது நின்று, “அந்த வேலையை…” என்று ஆரம்பித்துப் பாருங்கள். எந்த வேலை, யாருடைய வேலை, அதை என்ன செய்யச் சொல்லப் போகிறீர்கள் என்று நீங்கள் முடிப்பதற்குள், முதுகைக்கூடத் திருப்பாமல் “ஆச்சு” என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலின் சொந்தக்காரர்தான்.

அவரைப் பொய்யர் என்று நினைத்துவிடாதீர்கள். பொய்யர் வேறு. பொய்யருக்கு உண்மை எங்கே இருக்கிறது என்று தெரியும், அதன் மேல் இடித்துக்கொள்ளாமல் சுற்றிப் போகவும் தெரியும். ஆச்சுக்காரருக்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை. செய்துவிடலாம் என்று மனதில் பட்ட கணமே அவரைப் பொறுத்தவரை வேலை முடிந்துவிட்டது. பாக்கி இருப்பது கையையும் காலையும் அசைக்கிற சில்லறைச் சடங்கு. அது இன்றைக்கு நடந்தால் என்ன, அடுத்த மாதம் நடந்தால் என்ன?

போனில் “கிளம்பியாச்சா?” என்று கேட்டால், “பாதி வழி வந்தாச்சு” என்பார், பின்னால் குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்கும், நுரை கண்ணில் இறங்கிவிட்டது என்று குரலே சொல்லும். படிவத்தில் கையெழுத்துப் போட்டாச்சா என்றால், போட்டாச்சு என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் தேடுவார். பல் டாக்டரிடம் நேரம் வாங்கியாச்சா என்று மனைவி கேட்டால், தேங்காய் அளவுக்கு வீங்கிய கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, வாயைத் திறக்க முடியாமல், தலையை மேலும் கீழும் ஆட்டுவார். வாங்கியாச்சாம்.

இதில் படிகள் வேறு இருக்கின்றன. வெறும் ‘ஆச்சு’ என்றால் வேலை பாதியாவது நடந்திருக்க வாய்ப்புண்டு. ‘ஆச்சுன்னு வச்சுக்கோங்க’ என்றால் வைத்துக்கொள்ள வேண்டியது நீங்கள்தான். ‘எப்பவோ ஆச்சே!’ என்று கொஞ்சம் மனம் புண்பட்ட குரலில் வந்தால், ஐயோ, அப்படி ஒரு வேலை இருப்பதே அவருக்கு இப்போதுதான் தெரிகிறது.

இந்த ரகத்தின் முழு வளர்ச்சி பெற்ற ஒருவர், ஒரு அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், ஜன்னலிலிருந்து இரண்டாவது மேஜையில் இருந்தார். நல்ல மனிதர். யாருடைய பிறந்தநாளையும் மறக்க மாட்டார். வாழ்த்து அனுப்பியாச்சு என்றும் சொல்வார். மாடியில் எல்லோருமே அவரை ஆச்சுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள், அவரும் அதை ஏதோ பட்டம் என்று எண்ணித் திரும்பிப் பார்த்தார். அவருக்கு வாய்த்த தொழில் இருக்கிறதே, அதுதான் வேடிக்கை.

கட்டிடம் முழுக்க அலமாரி அலமாரியாக நின்று இரைச்சல் போடுமே பெரிய கம்ப்யூட்டர்கள், அவை ஒவ்வொன்றிலும் இரண்டு சிப்கள் முக்கியம். ஒன்று பெரிய சிப். கணக்கெல்லாம் போடுவது அது. இன்னொன்று மேற்பார்வை சிப், உருவத்தில் சின்னது. பெரியதை எழுப்பிவிடுவது, சூடு ஏறினால் மின்விசிறியை முடுக்குவது, மயங்கி விழுந்தால் முகத்தில் தண்ணீர் தெளிப்பது எல்லாம் அதன் பொறுப்பு. பெரியது வீட்டுக்கு மூத்த மருமகன் மாதிரி. யாராவது எழுப்பினால்தான் எழும்பும். இந்த இரண்டும் பேசிக்கொள்ள நடுவே ஒரு தடம் உண்டு. அலுவலகத்தில் அதற்குப் பஸ் என்று பெயர். ஆச்சுக்காரர் ஒருமுறை வீட்டில் “நான் இப்ப ஒரு பஸ் எழுதிக்கிட்டிருக்கேன்” என்று சொல்லப்போய், மாமனார் மூன்று நாள் அவரைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தாராம். அதனால் நாம் கம்பி என்றே வைத்துக்கொள்வோம்.

இந்த இரண்டு சிப்களையும் பதித்த நிஜப் போர்டு தொழிற்சாலையிலிருந்து வந்துசேர எட்டு மாதம் பிடிக்கும். அதுவரை எல்லோரும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அதனால் அந்தப் போர்டைப் போலவே நடிக்கிற ஒரு போலி எந்திரத்தைப் புரோகிராமாக எழுதி, மேஜைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடவிடுவார்கள். போலி சிப், போலி மின்விசிறி, போலிச் சூடு. மற்றவர்கள் தங்கள் புரோகிராம்களை அந்தப் போலியின் மேல் ஏற்றி ஓட்டிப் பழகுவார்கள். தான் நிற்பது தரையா, தரை மாதிரி வரைந்த படமா என்று மேலே நிற்கிற புரோகிராமுக்குத் தெரியவே கூடாது. அதுதான் வித்தை. அந்த வித்தையில் இரண்டு சிப்களுக்கும் நடுவே உள்ள கம்பிதான் ஆச்சுக்காரரின் பங்கு.

யோசித்துப் பாருங்கள். இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொல்வதற்கு ஒரு நாற்காலி, ஒரு மேஜை, கதவைத் திறக்க ஒரு அட்டை! மீனைக் கூப்பிட்டு நீச்சல் வாத்தியார் வேலை கொடுத்த கதைதான்.

கம்பி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கையேடு இருந்தது. சுருக்கம் இதுதான்: மேற்பார்வை சிப் கம்பி வழியாகப் பெரிய சிப்பிடம் ஒரு உத்தரவு அனுப்பும். பதில் நான்கு விதமாக வரலாம். ஆச்சு. தப்பு. இங்கே யாரும் இல்லை. பிஸி. கடைசியாகச் சொன்னதுதான் கொஞ்சம் நுட்பம். பிஸி என்றால், ‘நீ சொன்னது காதில் விழுந்தது, செய்துகொண்டிருக்கிறேன், கொஞ்சம் இரு’ என்று அர்த்தம். அப்போது உத்தரவைத் திருப்பிச் சொல்லக் கூடாது; ‘ஆச்சா?’ என்று மட்டும் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஆச்சுக்காரர் முதல் நாள் காலை சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். நான்கு பதில்களில் முதல் பதிலை எழுதினார். பக்கத்தில் ‘இப்போதைக்கு’ என்று ஒரு குறிப்பு வைத்தார். சாப்பிடப் போனார்.

அவ்வளவுதான்.

கம்பி பேச ஆரம்பித்துவிட்டது. எழுந்துவிட்டாயா? ஆச்சு. கடிகாரத்தைச் சரி செய்தாயா? ஆச்சு. நினைவகத்தைத் துடைத்தாயா? ஆச்சு, ஆச்சு. ஒருநாள் யாரோ விளையாட்டுக்காக, போர்டிலேயே இல்லாத மூன்றாவது சிப் ஒன்றை விசாரித்து உத்தரவு அனுப்பினார்கள். அதுவும் ஆச்சு! அப்பாவை அப்படியே உரித்து வைத்திருந்தது பிள்ளை.

இதற்கெல்லாம் யார் தலையைக் கொடுத்திருந்தார்கள் என்றால், சின்னவள். ஆச்சுக்காரரின் மனைவிக்குத் தங்கை. வீட்டில் அக்காவைப் பெரியவள் என்றும் இவளைச் சின்னவள் என்றும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, முப்பது வயதாகியும் அவள் சின்னவளாகவே இருந்தாள். அதே மாடியில், நகல் எந்திரத்துக்கு அடுத்த மேஜை. மேற்பார்வை சிப்பில் ஓடுகிற புரோகிராமை அவள்தான் எழுதினாள். நாலு வருடமாக அடுத்தவர்கள் எழுதியதில் ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தவளுக்கு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தன்னுடையது என்று கிடைத்த முதல் வேலை. கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, படியிறங்கி, மறுபடி ஏறிவந்து இன்னொருமுறை இழுத்துப் பார்க்கிற பெண் அவள். (அந்த ரகத்தைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும்.)

“அத்தான், பிஸின்னு ஒரு பதில் இருக்கில்ல, அது உங்க கம்பில வருதா?”

“ஆச்சும்மா.”

“ஆச்சுன்னா வருதா, வரப்போகுதா?”

“என்னம்மா நீ, அதெல்லாம் எப்பவோ ஆச்சே!”

எப்பவோ. கவனித்தீர்களா?

அவள் கவனிக்கவில்லை. அக்கா வீட்டுக்காரர் ஆயிற்றே. அடுத்த மாதம் ஒருமுறை கேட்டாள், அதற்கடுத்த மாதம் ஒருமுறை கேட்டாள், ஒவ்வொரு முறையும் அவர் குரலில் புண் ஆழமாகிக்கொண்டே போனதால் பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். பிஸி வந்தால் எப்படிச் சமாளிப்பது என்று பக்குவமாக எழுதினாள். அதைச் சோதிக்கவும் எழுதினாள். மொத்தம் ஆயிரத்து இருநூறு டெஸ்ட். தினமும் காலையிலும், யாராவது எதையாவது மாற்றி அனுப்பினாலும், அத்தனையும் ஓடி முடிந்து, சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் கட்டம் கட்டமாகப் பச்சை விரியும். அதில் முந்நூற்றுப் பத்து, பிஸிக்காகவே எழுதியவை. பிஸியே வராத ஊரில் அவை என்ன செய்யும்? வராத விருந்தாளியை நன்றாகக் கவனித்தீர்களா என்று கேட்டால் யாராவது குறை சொல்வார்களா? பச்சை, பச்சை, கண்ணுக்குக் குளிர்ச்சியாகப் பச்சை.

மேலாளர் எட்டு மாதமும் அந்தத் திரைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். போலியில் எந்திரம் எழும்ப இரண்டு விநாடி. அதையும் போவோர் வருவோரிடமெல்லாம் இரண்டு விரலைக் காட்டிச் சொன்னார்: “ரெண்டே செகண்ட்!”

ஒரு திங்கட்கிழமை நிஜம் வந்து சேர்ந்தது. அட்டைப்பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் வெள்ளிநிறப் பை, பைக்குள் போர்டு. மாற்றுக்கு இன்னும் மூன்று. எல்லோரும் பச்சைக் குழந்தையைப் பார்ப்பது போல் எட்டிப் பார்த்தார்கள். மேலாளர் தொண்டையைச் செருமினார். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வாடிக்கையாளர் தரப்பிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். அவர்கள் முன்னால் சின்னவள் சுவிட்சைப் போட வேண்டும், எந்திரம் எழும்ப வேண்டும். எழும்பினால் அடுத்த எந்திரத்துக்கு அவள்தான் தலைமை, கீழே ஐந்து பேர். எழும்பாவிட்டால் அவள் எழுதியதை மூட்டை கட்டி வைத்துவிட்டு, எதிர்க்கட்டிடத்துக் குழு எழுதிய புரோகிராமை எடுத்துக்கொள்வதாக மேலிடத்தில் முடிவு.

“அவங்களது பாக்கச் சகிக்காது,” என்றார் மேலாளர். “ஆனா எழும்பும். என்னம்மா, வியாழக்கிழமைக்குள்ள ஆயிடுமில்ல?”

சின்னவள் யோசித்துப் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பின்னாலிருந்து, “ஆச்சு சார்” என்றது ஒரு குரல்.

சுவிட்சைப் போட்டார்கள். ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டி விளக்கு மினுக்கியது, பிறகு நமக்கேன் வம்பு என்பது போல் அணைந்தது. மின்விசிறி அசையவில்லை. சின்னவளின் திரையில் ஒரே வரி: பதில் இல்லை.

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்வோம்? நம் பக்கம் ஏதாவது கோளாறா என்று பார்ப்போம். ஆச்சுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? புகார்ப் பட்டியலைத் திறந்து, கொஞ்சமும் கூசாமல் எழுதினார்: ‘நிஜப் போர்டு நம் போலிக்கு ஒத்துவரவில்லை. போர்டைச் சரிசெய்யவும்.’

புகாரை மதித்து ஸ்கோப்புக்காரர் வந்தார். கம்பியில் ஓடுகிற மின்சாரத்தைத் திரையில் கோடாகக் காட்டும் கருவியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, யாருடனும் அதிகம் பேசாமல், ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஒரு அமைதியை உடன் கூட்டிக்கொண்டு நடமாடுபவர் அவர். செவ்வாய்க்கிழமை முழுக்க மூன்று போர்டு மாற்றினார், ஒன்பது வயர் மாற்றினார், ஒருமுறை பாதியில் சுவிட்சை அணைத்துப் போட்டதில் ஒரு போர்டு கோபித்துக்கொண்டு அன்றைக்கு முழுக்க விளக்கைக்கூட மினுக்க மாட்டேன் என்றுவிட்டது. கடைசியில் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“போர்டு பேசுது. ‘கொஞ்சம் இரு’ன்னு என்னவோ சொல்லுது. உடனே இந்தப் பக்கத்துலேர்ந்து முதல்லேர்ந்து எல்லாத்தையும் திருப்பிச் சொல்றாங்க. அப்புறம் அது வாயே திறக்கமாட்டேங்குது.” கொஞ்சம் யோசித்தார். “எங்க வீட்ல பாத்த மாதிரியே இருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆச்சுக்காரரும் சிரிக்கப் பார்த்தார். உதடு விரிந்தது, சத்தம் வரவில்லை. ‘கொஞ்சம் இரு.’ அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் அதைச் சொல்கிற பதில் ஒன்றே ஒன்றுதான், அதைத் தான் எழுதவே இல்லை என்பது, படியில் கால் வைத்த பிறகு படி இல்லை என்று தெரிவது போல அவருக்குத் தெரிந்தது.

சின்னவள் வெள்ளைப் பலகையில் ஒன்பது சந்தேகங்களை வரிசையாக எழுதி வைத்திருந்தாள். முதலாவது: பிஸி.

“இது இருக்காது,” என்றாள். “பிஸிக்கு முந்நூத்திப் பத்து டெஸ்ட் தினமும் அத்தான் கம்பில பாஸ் ஆகுது. வேற எங்கியோதான் நான் தப்பு பண்ணியிருக்கேன்.” அந்த வரியை அழுத்தி அடித்தாள். அடித்துவிட்டு, திரும்பி, எட்டு மாதமாகக் கைகொடுத்தவருக்கு நன்றி சொல்வது போல, அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

பாவி மனுஷன்! அந்தச் சிரிப்பை வாங்கி எங்கே வைப்பது என்று தெரியாமல் கைகழுவும் அறைக்கு ஓடினார். கண்ணாடி முன்னால் நின்று அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தார். இரண்டு வார்த்தை. சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். “இன்னும் ஆ…” என்றார். “இன்னும் ஆக…” என்றார். நாக்கு நாற்பத்திரண்டு வருடப் பழக்கத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டு “ஆச்சு” என்று முடித்தது. உள்ளே கதவைச் சாத்திக்கொண்டிருந்த யாரோ பயந்துபோய், “இதோ, ஒரு நிமிஷம் சார்” என்றார்.

காபி எந்திரத்தருகே சின்னவளைப் பிடித்தார்.

“சின்னவளே, அந்த பிஸி…”

“அதை அப்பவே அடிச்சாச்சு அத்தான்.”

“ஆச்சா?”

“ஆச்சு.”

அவருக்கே அவர் மருந்து. குடிக்காத காபியோடு திரும்பி வந்தார்.

புதன்கிழமை மதியம் பலகையில் ஒன்பது சந்தேகமும் அடிபட்டுவிட்டது. சின்னவள் இரண்டு நாளில் தன் புரோகிராமை மூன்று முறை முதலிலிருந்து படித்திருந்தாள், கண்ணைச் சுற்றிக் கருவளையம். ஆச்சுக்காரர் நகல் எடுக்கிற சாக்கில் பக்கத்தில் போய் நின்றார். அவள் திரையில் மேலாளருக்கு ஒரு கடிதம் பாதியில் நின்றது. ‘தவறு என்னுடையதுதான், எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. வருகிறவர்கள் முன்னால் அசிங்கப்படுவதைவிட எதிர்க்கட்டிடத்தாரின் புரோகிராமையே…’

நகல் எந்திரம் வெற்றுத்தாளாகப் பதினேழு நகல் கக்கியது. அவர் அதைக்கூட எடுக்காமல் மேஜைக்கு நடந்தார். உட்கார்ந்தார். கையேட்டைத் திறந்தார். பிஸியை எழுதினார்.

எட்டு மாதமாக ஆகியிருந்த வேலை, செய்து முடிக்க நாற்பது நிமிடம் பிடித்தது.

எழுதினால் போதுமா? எல்லோருக்கும் போய்ச்சேர வேண்டுமானால் அதோடு என்ன செய்தோம் என்று ஒரு வரி எழுதியாக வேண்டும். அது தேதியோடும் பேரோடும் மாடி முழுக்கப் போகும், காலத்துக்கும் நிற்கும். ‘மேம்படுத்தப்பட்டது’ என்று எழுதலாம். உலகத்து ஆச்சுக்காரர்களில் பாதிப் பேர் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால்தான் குடியிருக்கிறார்கள். அவர் விரலும் ‘மே’ என்று ஆரம்பித்துவிட்டது. நகல் எந்திரத்தின் பக்கம் பார்த்தார். சின்னவள் கடிதத்தில் கையெழுத்து வரிக்கு வந்திருந்தாள். ‘மே’யை அழித்துவிட்டு எழுதினார்: ‘பிஸி பதில் இதுவரை இல்லவே இல்லை. இன்றுதான் போட்டேன்.’ அனுப்பினார். அனுப்பிவிட்டு, பட்டாசு பற்றவைத்தவர் மாதிரி காதைப் பொத்திக்கொண்டார்.

சுவரில் முதலில் ஒரு கட்டம் சிவந்தது. பிறகு நாலு. பிறகு ஒரு வரிசை. பிறகு யாரோ மேலிருந்து சாயத்தைக் கவிழ்த்த மாதிரி அத்தனையும் குப்பென்று சிவந்து, அந்த வெளிச்சத்தில் மாடியே கூச்சப்பட்டது போல் ஆகிவிட்டது. மேலாளர் அறையிலிருந்து பறந்து வந்தார்.

“யாரு கை வச்சது? எட்டு மாசம் பச்சையா இருந்துச்சேய்யா!”

“நான்தான் சார். எட்டு மாசமா அதுகிட்ட யாரும் கஷ்டமா ஒண்ணும் கேக்கலை சார்.”

சின்னவள் அதற்குள் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டிருந்தாள். எழுந்து, மேஜைகளுக்கு நடுவே, அவசரமே இல்லாமல் நடந்து வந்தாள். தட்டச்சுச் சத்தம் ஒவ்வொரு மேஜையாக நின்றது.

“அத்தான், நான் கேட்டேனே.”

“கேட்ட.”

“ரெண்டு தடவை கேட்டேன்.”

“மூணு தடவை.”

“ஆச்சுன்னீங்க.”

மாடியில் நாற்பது பேர். நாற்பது பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார், பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுப்பது போல அந்தச் சொல்லை வெளியே எடுத்தார்.

“ஆகலைம்மா. அன்னிக்கு… ஆகலை.”

எங்கோ ஒரு கரண்டி விழுந்தது.

“உங்களை என்ன பண்றதுன்னு அக்காகிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்,” என்றாள் சின்னவள். ஆனால் சொல்லிக்கொண்டே திரும்பி ஓடினாள், ஏனென்றால் இரண்டு நாளாக எங்கே என்று தெரியாமலிருந்த தவறு இப்போது அவள் மேஜையிலேயே, சிவப்பாக, வரி எண்ணோடு உட்கார்ந்திருந்தது. கால் மணி நேரத்தில் நகல் எந்திரத்துப் பக்கமிருந்து ஒரு கூச்சல்: “அட மடச்சி! ஆச்சான்னுதானடி கேக்கணும்! முழு உத்தரவையும் ஏன்டி திருப்பிச் சொல்றே?” தன்னைத்தான் திட்டிக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் தன்னைத் திட்டிக்கொண்டு அந்த மாடி பார்த்ததில்லை. கடிதம் குப்பைக்குப் போனது.

சாயங்காலத்துக்குள் போலியில் எல்லாம் பச்சை. இந்த முறை நம்பக்கூடிய பச்சை. நிஜத்தில் ஓட்டிப் பார்க்கலாம் என்றால், போர்டைக் கீழ்க்கூடத்தில் வைத்து, மேலே நீலத் துணி போர்த்தி, மாற்றுப் போர்டுகளையும் உள்ளேயே வைத்து, மேலாளர் பூட்டிச் சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை, பதினொரு மணி. வந்த மூவரில் நடுவில் உட்கார்ந்தவர், தடித்த கண்ணாடி போட்ட ஒரு அம்மா. மேலாளர் துணியை விலக்கினார், இரண்டு விரலைக் காட்டினார், “ரெண்டே செகண்ட்!” என்றார். சின்னவள் சுவிட்சைப் போட்டாள்.

இரண்டு விநாடி ஆயிற்று.

ஆரஞ்சு விளக்கு எரிந்தது. அணையவில்லை. சின்னவளின் திரையில் ஒரு வரி வந்தது: பிஸி. மறுபடி: பிஸி. போலியில் மூன்று முறைதான் அப்படி வரும். மூன்று போதும் என்று நினைத்து ஆச்சுக்காரர் வைத்தது. நிஜத்தில் எத்தனை என்று கையேட்டில் தேடியபோது ‘தேவையான அளவு’ என்று மட்டும் போட்டிருந்தது. பிஸி. பிஸி.

பத்து விநாடி என்பது எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியுமா? எட்டு மாதம் இரண்டு விநாடியில் வளர்ந்த ஒரு அலுவலகத்துக்குத் தெரியாது. மேலாளரின் சிரிப்பு ஓரத்தில் உரிய ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்தவர் இல்லாத தூசியைச் சட்டையிலிருந்து தட்டினார். ஒருவர் இருமினார், அவருக்குத் துணையாக இன்னொருவர் இருமினார். மேலாளரின் கை, தன்பாட்டுக்கு, அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று பிறந்ததிலிருந்து நம்புகிற கை, சுவிட்சை நோக்கி மெல்ல ஊர்ந்தது. பாதியில் அணைத்தால் இன்றைக்கு எழும்பாது என்று மூன்றாம் மாடி முழுக்கத் தெரியும். அவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஆச்சுக்காரர் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார். மேலாளரின் கையை, வாடிக்கையாளர் முன்னால், கல்யாண வீட்டில் பிரிய மனமில்லாத உறவினர் மாதிரி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஆச்சா?” என்றார் மேலாளர், பல்லைக் கடித்துக்கொண்டு.

“ஆகலை சார்.”

“ஆச்சாய்யா?”

“ஆகலை சார்.”

“தம்பி, ஆச்சாப்பா?” இது கண்ணாடி அம்மா.

“இன்னும் ஆகலைம்மா. செஞ்சுக்கிட்டிருக்கு.”

“இப்ப?”

“ஆகலை.”

ஒவ்வொரு தடவையும் அது சுலபமாகிக்கொண்டே வந்தது. அடைத்த குழாய் திறந்த மாதிரி. ஆகலை, ஆகலை, இல்லை சார், ஆகலை! கையை மட்டும் விடவில்லை. முப்பதாவது விநாடியில், முகத்தில் ரத்தமே இல்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னவள், திரும்பாமலே, மெல்லிய குரலில் கேட்டாள்.

“அத்தான்… ஆச்சா?”

அவர் எட்டித் திரையைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, பார்த்த பிறகு பதில் சொன்னார்.

“ஆகலை. நீ சரியாத்தான் கேக்குற. அதுக்கும் காது கேக்குது. இரு.”

நாற்பத்தேழாவது விநாடியில் மின்விசிறிகள் பிடித்துக்கொண்டன. ஆறும் ஒரே நேரத்தில், ஒரு விமானம் கூடத்துக்குள் இறங்குகிற இரைச்சலோடு. மேஜைமேல் இருந்த தாள்கள் பறந்தன, நீலத் துணி எழும்பி மேலாளரின் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டது, ஸ்கோப்புக்காரர் கைதட்டினார், சின்னவள் அழுதுகொண்டே சிரித்தாள், அழுகை எது சிரிப்பு எது என்று விசிறிச் சத்தத்தில் யாருக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இரைச்சல் அடங்கியதும் கண்ணாடி அம்மா சொன்னார்: “எங்ககிட்ட இப்ப இருக்கிறது மூணு செகண்ட்ல ‘தயார்’னு சொல்லிடும். அதுக்கப்புறம் அரைமணி நேரம் ஒண்ணுமே செய்யாது. இது ஆகலைன்னு சொல்லுது பாருங்க, எனக்குப் பிடிச்சிருக்கு. இதை யாரும்மா எழுதினது?”

“நான்தாங்க,” என்றாள் சின்னவள்.

அந்த வாரமே அவளுக்குக் கீழே ஐந்து பேர். ஐந்தில் ஒருவராக, கம்பியில் பாக்கியிருந்த இரண்டு பதில்களை எழுதுவதற்காக, ஆச்சுக்காரரையே கேட்டு வாங்கிக்கொண்டாள். தினமும் காலையில் அவர் மேஜைக்கு வந்து நின்று ஒரே கேள்வி கேட்கிறாள். அவர் வாய் ‘ஆ’ என்று திறந்து, அவள் முகத்தைப் பார்த்து, அங்கேயே நின்று, கொஞ்சம் தவித்து, பிறகு நிஜத்துக்கு வருகிறது. திருந்திவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் ஒருமுறை “இன்னும் ஆகலை” என்று சொன்னதற்கு மனைவி பதறிப்போய் நெற்றியில் கைவைத்துச் சூடு பார்த்தாளாம். அதிலிருந்து வீட்டில் மட்டும் பழையபடிதான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவர் நினைவுக்கு வந்திருப்பார், அவருக்கு இதைப் படிக்கக் கொடுக்க வேண்டும் என்றுகூட எண்ணியிருப்பீர்கள். கொடுங்கள், நல்லது. அதற்குமுன் ஒரே ஒரு விஷயம். நீங்கள் இதைப் படிக்க உட்கார்ந்த பிறகு, உள்ளேயிருந்து யாரோ உங்களை ஏதோ கேட்டார்கள். நீங்களும் கண்ணை எடுக்காமல், குரலில் கொஞ்சம் எரிச்சலோடு, பதில் சொன்னீர்கள்.

என்ன கேட்டார்கள்?